பலகை பிடித்தவன்

உங்கள் ஜீப்பில் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, ஐயா. என்னை ஸ்டேஷனுக்கு ஏற்றிக்கொண்டு வரும்போதே கவனித்தேன். மேடு ஏறும்போது வண்டி இழுத்து இழுத்து மூச்சு விடுகிறது, சளி பிடித்தவன் படியேறுகிற மாதிரி. உங்கள் டிரைவர் கியர்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு வழி நெடுக அதைத் திட்டிக்கொண்டே வந்தார். கியர் பாவம். புது ஃபில்டர் ஒன்று போட்டு, பெட்டியைத் துடைத்து, ரப்பர் குழாயில் இருக்கும் விரிசலுக்கு ஒரு வழி செய்தால் வண்டி துள்ளிக்கொண்டு ஓடும். நானே செய்து கொடுத்திருப்பேன். இப்போதைக்கு நடக்காது என்று தெரியும்.

நீங்கள் என்னை வீட்டுக்குப் போகச் சொல்கிறீர்கள். விபத்து என்று எழுதியாகிவிட்டது, கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பு, அக்காவுக்குத் துணையாக இரு என்கிறீர்கள். உங்களுக்குப் பெரிய மனசு. ஆனால் அந்த வாகன ஆய்வாளர் பேனாவால் என் குழாயைத் தட்டிக்கொண்டே, "எல்லாம் இந்தக் காத்துக் குழாய் கோளாறுதான் சார், கண்டதையும் மாட்டுனா இப்படித்தான் ஆகும்" என்று சொன்னாரே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. என் குழாயில் கோளாறு எதுவும் இல்லை. செய்ய வேண்டியதை அது அப்படியே செய்தது. மாமா செத்துப்போனதில் அந்தக் குழாய்க்கு என்ன பங்கு, எனக்கு என்ன பங்கு என்று பிரித்துச் சொல்லத்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். நிதானமாகக் கேளுங்கள்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். கீழே பட்டறை, மேலே வீடு. பட்டறை எங்கள் இருவருக்கும் பொது. எஞ்சினுக்குள்ளே இருப்பதெல்லாம் மாமாவின் ராஜ்ஜியம். பிஸ்டன், வால்வு, எண்ணெய், எதையும் நான் தொடமாட்டேன். வெளியிலிருந்து எஞ்சினுக்குள் போகும் காற்று மட்டும் என்னுடையது. கம்பெனிக்காரன் வண்டி செய்யும்போது காற்று போகும் வழியில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியை வைத்து, அதற்குள் இன்னும் நாலு தடுப்பை வைத்து, சத்தமே வராமல் வண்டியின் வாயைப் பொத்திவிடுவான். நான் அதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, அலுமினியத்தில் வழவழவென்று அகலக் குழாய் வளைத்து, எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரை மாட்டி, எஞ்சின் சூடு படாத மூலையாகப் பார்த்துக் காற்றுக்கு வாசல் வைப்பேன். வேலை அவ்வளவுதான். ஆனால் அதற்கப்புறம் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பாருங்கள். அதுவரை ஊமையாக இருந்த வண்டி ஒரு மூச்சை உள்ளே இழுக்கும். அதைக் கேட்டதும் பெரிய பெரிய ஆட்கள்கூட ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு காரணமே இல்லாமல் சிரிப்பார்கள். நான் தினமும் சிரித்தேன். வேலைக்குப் போகிறோம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

மாமாவுக்கு மட்டும் அது கேட்காது. சிறு வயதிலிருந்து எஞ்சின்களுக்கு நடுவில் நின்று நின்று அவருக்குக் காது மந்தம். எஞ்சினை அவர் கையால்தான் கேட்பார். உள்ளங்கையை அதன் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, எந்த சிலிண்டர் சண்டித்தனம் செய்கிறது என்று சொல்லிவிடுவார். கெட்டிக்காரர், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் காற்றுக்கு அந்த வித்தை செல்லாது. ஒவ்வொரு வண்டியை முடித்ததும் அவரைக் கூப்பிடுவேன். வந்து தலையைச் சாய்த்து நின்று, உதட்டைப் பிதுக்குவார்.

"என்னடா மாப்ள, ஒண்ணும் கேக்கலையே."

"இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க மாமா."

"வந்தாச்சு. காத்து வருது. அது ஓசியிலதான் வருது. அதுக்குப் போய் எதுக்குடா இவ்ளோ அலங்காரம்?"

பட்டறையில் இருப்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கோபமெல்லாம் இல்லை, ஐயா. முன்விரோதம் என்று எழுதிவிடாதீர்கள். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாங்கள். "இவரு என்னைக் கட்டிக்கிட்டதே உன்கூட வம்பு வளர்க்கத்தாண்டா" என்று அக்கா அடிக்கடி சொல்வாள். எனக்கு அவர்மேல் இருந்தது பரிதாபம்தான். இவ்வளவு அழகான ஒன்று மூக்குக்குக் கீழே நடந்துகொண்டிருக்க, மனிதர் அதைக் கேட்காமலே காலத்தைத் தள்ளுகிறாரே என்ற பரிதாபம். ஒரே ஒரு முறை, அவர் காதுக்கும் எட்டுகிற மாதிரி ஒரு சத்தம் எழுப்பிக் காட்ட வேண்டும். வேறு எதற்கும் நான் ஆசைப்பட்டதில்லை.

இந்த இடத்தில் பலகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. எரிய ஏதாவது கிடைத்து, கூடவே காற்றும் கிடைத்தால் போதும், ஓடும். எப்போதாவது அபூர்வமாக அது தன் சொந்த எண்ணெயையே உறிஞ்சி எரிக்க ஆரம்பித்துவிடும். அப்போது சாவியைத் திருப்பினாலும் டீசலை அடைத்தாலும் பிரயோஜனமில்லை. வேகம் ஏறிக்கொண்டே போகும், எஞ்சின் வெடித்துச் சிதறும்வரை. நிறுத்துவதற்கு மிச்சமிருக்கும் வழி, காற்று போகும் வாயை அடைப்பது. அதனால்தான் பிரித்துக் கோர்த்த டீசல் எஞ்சினை முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போது ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு, குழாயின் திறந்த வாய்க்குப் பக்கத்தில் ஓர் ஆள் பலகையோடு நிற்பான். எங்கள் பட்டறையில் எஞ்சினைக் கோர்த்தவர் சாவியைத் திருப்புவார், மற்றவர் பலகை பிடிப்பார். மாமா இதில் மகா கறார். பலகை இல்லாமல் சாவியைத் தொடமாட்டார். அடியில் ரப்பர் ஒட்டிய கனமான பலகை அது. இத்தனை காலத்தில் ஒரு தரம்கூட அதற்கு வேலை வந்ததில்லை. மத்தியானத்தில் அதன் மேல் டிபன் பாக்ஸை வைத்துக்கொள்வோம். இருந்தாலும் பலகை பிடித்தவனை நம்பித்தான் மற்றவர் சாவியைத் திருப்புகிறார், அதை நான் மறுக்கவில்லை.

பல் டாக்டர் எங்கள் பழைய வாடிக்கைக்காரர். நாள் முழுக்கப் பிறர் வாய்க்குள் டிரில் சத்தத்தைக் கேட்டு நொந்துபோனவர். ஞாயிற்றுக்கிழமையானால் மண் ரோட்டில் ஏறி இறங்க ஒரு பெரிய டீசல் வண்டி வைத்திருந்தார். அதற்கு நான் போட்டுக் கொடுத்த குழாயின் சத்தத்தைக் கேட்டுவிட்டு என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார். "தம்பி, இதக் கேட்டப்புறம் வீட்டுக்குப் போகவே மனசு வரலப்பா" என்றார். அந்த வண்டி கொஞ்ச நாளில் எண்ணெய் எரிகிற நீலப்புகை விட ஆரம்பித்தது. மாமா பார்த்தார், பிஸ்டன் ரிங் போய்விட்டது என்றார், எஞ்சினைக் கீழே இறக்கினார்.

அவர் அந்தப் பக்கம் இறக்கிக்கொண்டிருக்கும்போது நான் இந்தப் பக்கம் என் குழாயைக் கழற்றினேன். டர்போ என்று ஒன்று உண்டு, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிற சின்னக் காற்றாடி. அதற்கு அடுத்த குழாயில் விரலை விட்டேன். விரல் எண்ணெயில் நனைந்து வந்தது. ரிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை, டர்போவில் எண்ணெயைத் தடுக்கிற சீல் தேய்ந்து அந்த வழியாகத்தான் எண்ணெய் எஞ்சினுக்குள் போகிறது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. மாமாவும் என் விரலைப் பார்த்தார்.

"என்னடா, குழாயெல்லாம் எண்ணெய்?"

"ஃபில்டர் எண்ணெய் மாமா. தடவும்போது கொஞ்சம் கூடிப்போச்சு."

"தலைக்குத் தேய்க்கிற மாதிரி ஊத்தியிருப்ப. தொடைச்சு வை."

துடைத்து வைத்தேன். என்னுடைய ஃபில்டர்களுக்கு எண்ணெய் தடவுவது வழக்கம் என்று அவருக்குத் தெரியும். கை கூடிப்போவதும் எப்போதாவது நடப்பதுதான். அதனால் நம்பிவிட்டார்.

அந்தப் பொய் ஏன் என் வாயில் வந்தது என்றால், சத்தியமாக அப்போது அது வெறும் விளையாட்டு. எஞ்சினைப் பூராவும் பிரித்துக் கோர்த்து, ஸ்டார்ட் செய்தால் திரும்ப அதே நீலப்புகை வரும். அவர் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம். டர்போ என் பேட்டை, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா என்று கேட்கலாம். சாப்பிடும்போது அதை நினைத்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. அக்கா தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். அவளும் பட்டறைக்கு மேலேயே வாழ்ந்தவள், அரைகுறையாக எல்லாம் தெரியும். "டர்போவக் கழட்டிப் பாத்தீங்களா? டாக்டர் பாவம், திரும்பத் திரும்ப அலைய விடாதீங்க" என்றாள்.

மாமா கையில் எடுத்த சோற்றோடு என்னைப் பார்த்தார்.

"நான் பாத்துட்டேன் மாமா. நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன? அவன் பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

அவர் என் வேலையைப் பாராட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு ஒரே குஷி. அன்று முழுக்க விசிலடித்துக்கொண்டே வேலை செய்தேன். அந்தக் குஷியில்தான் யோசனை வளர்ந்தது. புதிதாகக் கோர்த்த எஞ்சின், தேய்ந்த சீல். ஆக்சிலரேட்டரை ஒரு முறை நன்றாக மிதித்தால் எண்ணெய் குபுகுபுவென்று உள்ளே பாயும். எஞ்சின் கையை மீறிவிடும். அப்போது அது காற்றை இழுக்கும் பாருங்கள், அப்படி ஒரு மூச்சை எந்த வண்டியிலும் யாரும் மிதித்து வரவழைக்க முடியாது. மாமாவுக்கே கேட்கும். இது தோன்றியதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பெரிய சத்தம் வேண்டுமென்றால் பெரிய வாய் வேண்டும். டாக்டருக்குப் போன் செய்து, எஞ்சின் எப்படியும் கீழே கிடக்கிறது, காற்றுக் குழாயையும் இன்னும் ஒரு படி ஏற்றித் தருகிறேன் என்றேன். குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். பழைய வட்ட வாயை அறுத்து எடுத்துவிட்டு, நீள்வட்டமாக, ஓரங்கள் இதழ் போல வெளிப்பக்கம் மடிந்த புது வாய் ஒன்றை அடித்தேன். சின்னச் சுத்தியலால் பொறுமையாகத் தட்டித் தட்டி எடுத்தது. வெல்டிங் தழும்பை விரலால் தடவினாலும் கண்டுபிடிக்க முடியாது. அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை. முடித்துவிட்டுப் பழைய பலகையை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கை நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது.

நான் பொறுப்பில்லாதவன் இல்லை, ஐயா. புது வாய்க்குப் புதுப் பலகை வேண்டும் என்று எனக்குத் தெரியும். செய்தேன். நல்ல கனத்த மரத்தில், வாயின் அளவுக்குப் பொருத்தமாக இழைத்து, அடியில் புது ரப்பர் ஒட்டினேன். வைத்து அழுத்தினால் எஞ்சின் அந்தக் கணமே மூச்சடைத்து நின்றுவிடும்.

எஞ்சினைக் கியரில் போட்டு, பிரேக்கை மிதித்து, கிளட்ச்சை விட்டு நிறுத்தியிருக்கலாமே என்று வாசலில் நிற்கும் உங்கள் டிரைவர் முணுமுணுக்கிறார். பரவாயில்லை, அவருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்ட்டை நான் அன்று காலையில் கழற்றி வைத்திருந்தேன், கிரீஸ் வைப்பதற்கு. அது இல்லாவிட்டால் பிரேக்கால் எஞ்சினைப் பிடித்து நிறுத்த முடியாது. கிரீஸும் வைத்தேன்.

அன்று நல்ல வெயில். டாக்டர் கிளினிக்கைச் சாத்திவிட்டு ஓடி வந்திருந்தார். "ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுங்க, துணி காயுது, புகை பட்டுடும்" என்று அக்கா மாடியிலிருந்து சொன்னாள். மாமா குரல் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பானெட் திறந்திருந்ததால் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தார்.

"பலகை எடுத்துக்கிட்டியாடா?"

"எடுத்துக்கிட்டேன் மாமா."

பழைய பலகையைத் தூக்கிக் காட்டினேன். திருப்தியாகத் தலையாட்டினார். புது வாய் எவ்வளவு பெரிது என்று அவர் பார்த்திருக்க மாட்டாரா என்று கேட்பீர்கள். காற்று சம்பந்தப்பட்ட எதையும் அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் சமர்த்தாக ஓடியது. மாமா கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்தார். காலை எடுத்தார். எஞ்சின் இறங்கவில்லை, ஏறியது.

அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முதலில் ஒரு பெருமூச்சு. அது முடியும் என்று காத்திருந்தால் முடியாமல் நீண்டுகொண்டே, உயர்ந்துகொண்டே போனது. தகரக் கதவும் சுவரில் மாட்டியிருந்த ஸ்பானர்களும் டாக்டரின் மூக்குக் கண்ணாடியும் சேர்ந்து நடுங்கின. புகை பட்டறையை நிறைத்துக்கொண்டு வாசல் வழியாக வெளியே போனது. சின்ன வயதில் ராட்டினம் மேலேயிருந்து இறங்கும்போது அடிவயிற்றில் ஒன்று கிளம்புமே, அது எனக்குள் கிளம்பிவிட்டு இறங்கவே இல்லை. மாமா சாவியைத் திருப்பினார். திரும்பத் திரும்பத் திருப்பினார். அவர் வாய் அசைவது தெரிந்தது. "மூடுடா. மூடுடா மாப்ள."

மூடினேன். டாக்டர் அதைப் பார்த்தார், உங்களிடமும் சொல்லியிருக்கிறார். பழைய பலகையை வாயின் மேல் வைத்து, என் உடம்பு பாரம் மொத்தத்தையும் போட்டு அழுத்தினேன். இரண்டு பக்கத்து இடைவெளியிலும் காற்று பாய்ந்து, ஒரு விசில் கிளம்பியது. அந்த விசிலை நான் எதிர்பார்க்கவே இல்லை, ஐயா. மூச்சுக்கு மேல் விசில். அது எனக்குப் போனஸ்.

தம்பி உயிரைக் கொடுத்துப் போராடினான் என்று டாக்டர் சொன்னாராம். நல்ல மனிதர். அவர் என் கைகளை மட்டும்தான் பார்த்தார், காலைப் பார்க்கவில்லை. புதுப் பலகை என் காலுக்குக் கீழே இருந்தது. நான் அதன் மேல் ஏறித்தான் நின்றுகொண்டிருந்தேன். உயரத்துக்கு வாட்டமாக இருந்தது.

மாமா குதித்து ஓடி வந்தார். ஒரு பக்க இடைவெளியில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். எஞ்சினைக் கேட்பாரே, அதே கை. காற்று கையைப் பிடித்து இழுத்தது, அவர் முகம் கோணியது. என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அவர் முகம். கண்கள் அப்படி விரிந்திருந்தன. அவருக்குக் கேட்டுவிட்டது என்று தெரிந்தது. "கேக்குதா மாமா?" என்றேன். அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். புது ரப்பர் ஓரத்தில் துருத்திக்கொண்டு தெரிந்தது. மறுபடி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் சட்டென்று புரிந்துவிடும், நான்தான் சொன்னேனே, கெட்டிக்காரர்.

பிறகு இழுபட்ட கையைப் பிய்த்தெடுத்து, இரண்டு கையாலும் என்னைப் பிடித்துத் தள்ளினார். நான் போய்ச் சுவரோரம் டயர்கள் மேல் விழுந்தேன். இந்த விஷயம் முழுவதிலும் எனக்குக் கோபம் வந்தது என்றால் அந்த ஒரு நொடிதான். தனக்குக் கேட்டுவிட்டது என்றதும், பக்கத்தில் நின்று கேட்கிற இடம் தனக்கு மட்டும் வேண்டும் என்று நினைக்கிறாரே என்று தோன்றியது. என் உயிரைக் காப்பாற்றத் தள்ளினார் என்கிறார் டாக்டர். அவர் பல் பார்க்கிறவர், அவருக்கென்ன தெரியும்.

மாமா புதுப் பலகையைக் கையில் எடுத்து நிமிர்ந்தார். அதை வாயில் வைத்திருந்தால் நின்றிருக்கும். பொருத்தம் அப்படி. வைப்பதற்குள் எஞ்சினின் பக்கச் சுவர் கிழிந்து, உள்ளேயிருந்த இரும்பு வெளியே வந்தது. முதலில் பலகை, அடுத்து மாமா. உங்கள் ஆட்கள் பட்டறையில் பொறுக்கி மூட்டை கட்டிய மரத்துண்டுகளை உதவாத குப்பை என்று ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள். அவற்றைச் சேர்த்து வைத்து என் குழாயின் வாய்க்கு அளவு பாருங்கள். அச்சாகப் பொருந்தும். அதற்கப்புறமும் யாராவது கோளாறு என்று சொன்னால் என்னிடம் அழைத்து வாருங்கள்.

ஆகவே விபத்து என்பதை அடித்துவிடுங்கள், ஐயா. சீல் தேய்ந்தது தெரிந்து மறைத்தது நான். வாயைப் பலகைக்கு அடங்காமல் பெரிதாக்கியது நான். ஷாஃப்ட்டைக் கழற்றியது நான். சரியான பலகையைச் செய்து, அதை மிதித்துக்கொண்டு நின்றதும் நான்தான். மாமாவை நான் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். குழாயைப் பற்றி ஒரு வரி எழுதுவதானால், நல்ல வேலை என்று மட்டும் எழுதுங்கள்.

அக்காவைப் பற்றிக் கேட்டீர்கள். சத்தம் பட்டென்று நின்றதும் அவள் ஈரத் துணி தோளில் கிடக்கப் படியிறங்கி ஓடி வந்தாள். புகைக்குள் கையால் துழாவிக்கொண்டே வந்து, தரையில் உட்கார்ந்து, "எல்லாம் போச்சேடா" என்று அழுதாள். நான் டயர்களிலிருந்து எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமாக்கா, போச்சு" என்று சொல்லி நானும் அழுதேன். அப்படி ஒரு சத்தம் இனிமேல் எந்தக் காலத்திலும் வராதே என்றுதான் நான் அழுதேன். என்னைவிட அவள் அதிகமாக அழுதது எனக்கு ஆச்சரியமாகவும் கொஞ்சம் பெருமையாகவும்கூட இருந்தது. அவள் மாமாவுக்காக அழுகிறாள் என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது.